மணிக்கணக்கு விரதம்

பல் வைத்தியத்தில் பி.டி.எஸ். பட்டம் பெற்றவர்கள் அதற்கு மேற்பட்ட எம்.டி.எஸ். படிப்பில் சேருவதற்கு இந்தியா முழுமைக்கும் ஒரே பரீட்சையாக நடத்தப்படும் நீட்-எம்.டி.எஸ். தேர்வுக்கு நமது பிள்ளைகள் படிக்கும் விதத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகிறோம். பல்லைப் பற்றிய பரீட்சைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இன்றைக்கு உழவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும்கூட நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் பல் வைத்தியத்திற்கு அனுப்புகிறார்கள். நான்கு வருஷப் படிப்பும் ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடித்து வெளியே வந்தால், இன்னொருவருடைய பல் ஆஸ்பத்திரியில் சொற்பச் சம்பளத்திற்கு நிற்க வேண்டியிருக்கிறது. மேற்படிப்புக்குத் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்காகக் கேட்கிறார்கள். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டுமானால் நல்ல ராங்க் ஒன்றுதான் ஏழைக்கு வழி. இப்படி ஒரு பரீட்சை இருக்கத்தான் வேண்டுமா என்பது வேறு சங்கதி. அதைத் தனியே பேசுவோம். இருக்கிறவரையில் எழுதியாக வேண்டுமே!

படிக்கப் புறப்படுகிறவர் முதலில் செய்கிற காரியம் என்னவென்றால், ஒரு பெரிய காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நாலு வர்ணத்தில் மை தீட்டி, "தினம் 14 மணி நேரம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவதுதான். இதற்கும் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறேன் என்று நேர்ந்துகொள்வதற்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை. மூன்று நாள் நடக்கிறது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் வேலை அதிகமாகிறது, அல்லது தலைவலி வருகிறது. உடனே விரதம் முறிந்துவிட்டதென்று மனம் உடைந்து, "வருகிற திங்கட்கிழமை முதல் புதிதாக" என்று இன்னொரு காகிதம் எடுக்கிறார். எத்தனை மணி நேரம் புத்தகத்தின்முன் உட்கார்ந்தோம் என்பதையே புண்ணியமாக எண்ணுகிறாரேயொழிய, எழுந்திருக்கும்போது தலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இன்னும் சிலர் வீட்டில் புத்தகம் திறக்கவே நல்ல நேரம் பார்க்கிறார்கள். 2025-ம் வருஷத்துப் பரீட்சை ஏப்ரல் 19-ந் தேதி சனிக்கிழமை நடந்தது. சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம், பகல் 1.30 முதல் 3 வரை எமகண்டம் என்கிறது பஞ்சாங்கம். மூன்று மணி நேரப் பரீட்சையை 9 மணிக்கு ஆரம்பித்தாலும் 2 மணிக்கு ஆரம்பித்தாலும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். முதல் ராங்க் வாங்கினவரும் தோற்றவரும் ஒரே மணியில் உட்கார்ந்துதானே எழுதினார்கள்? ஜோசியனை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

வாரத்திற்கு 168 மணி. ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருக்கும் ஒருவர் தினம் 7 மணி தூங்கினால் 49 மணி போகிறது. வேலையும் போக்குவரத்துமாக நாளைக்கு 9 மணி வீதம் ஆறு நாளைக்கு 54. குளிப்பு, சாப்பாடு முதலியவைகளுக்குத் தினம் 3 மணி வீதம் 21. ஆக 124 போக மிச்சம் 44 மணி. தினம் 14 மணி என்று சுவரில் ஒட்டினாரே, அதற்கு வாரம் 98 மணி வேண்டும்! இல்லாத 54 மணியை எந்தக் கடவுளிடம் கடன் வாங்குவார்? தூக்கத்திலிருந்து திருடுகிறார். படித்தது மனதில் படிவதற்குத் தூக்கம் அவசியம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே திருடிய மணியும் வீண், முன் படித்ததும் வீண்.

சரி, இருக்கிற மணியை எப்படிச் செலவிடுவது? அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்கிற இரண்டு மனோதத்துவ ஆசிரியர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தைச் சில மாணவர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தரம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, எழுதிப் பார்த்தவர்கள் 100-க்கு 56 பங்கும், திரும்பப் படித்தவர்கள் 42 பங்கும்தான் சொன்னார்கள். பாராயணத்தின் மகிமை ஐந்து நிமிஷத்திற்குத்தான் என்று இதிலிருந்து ஏற்பட்டுவிட்டது. ஒரு மணி படித்தால் அடுத்த அரை மணி புத்தகத்தை மூடிவிட்டு எழுத வேண்டும். மூன்றாம் நாள் ஒரு தரம், பத்தாம் நாள் ஒரு தரம், மாதம் கழித்து ஒரு தரம் அதையே தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தெரியாதது அப்போதே தெரிந்துவிடும். அது தெரிய வருவது அவமானமாக இருப்பதால்தான் பலர் மஞ்சள் மையால் கோடு போட்டுக்கொண்டு சுகமாக வாசித்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

இப்பரீட்சையில் கேள்வி 240. நேரம் 180 நிமிஷம். கேள்விக்கு 45 வினாடி. இவற்றில் 100 கேள்விகள் உடற்கூறு, உடலியக்கம், மருந்தியல் போன்ற அடிப்படைப் பாடங்களிலிருந்து வருகின்றன. அவை கல்லூரியின் முதல் வருஷங்களில் படித்துப் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோனவை. ஆகையால் முதல் மாதங்களை அவற்றிற்கே கொடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். பாக்கி 140-க்கும் ஆஸ்பத்திரியே பள்ளிக்கூடமாக இருக்கிறது. காலையில் கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்க லிக்னோகெயின் ஊசி போடுகிறவர், அந்த நரம்பு ஐந்தாவது மூளை நரம்பின் எந்தக் கிளை, அந்த மருந்தோடு அட்ரினலின் ஏன் சேர்த்திருக்கிறது, சீழ் கட்டிய இடத்தில் ஊசி ஏன் சரியாய்ப் பிடிப்பதில்லை என்று அங்கேயே நினைத்துப் பார்த்தாரானால், இரத்தக் குழாய் சுருங்குவதும் சீழின் புளிப்பு மருந்தைத் தடுப்பதும் பிறகு மறக்குமா? நோயாளியின் பல்லைப் பிடுங்கும்போதே உடற்கூறும் மருந்தியலும் படித்தாய்விட்டது. இந்த மணிகளை எந்தச் சுவர்க் காகிதத்திலும் நாம் கண்டதில்லை.

தப்பு விடைக்கு ஒரு மார்க் குறைக்கிறார்களே என்று நடுங்குகிறவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்லுகிறோம். சரியானதற்கு 4 மார்க். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், 40 கேள்விக்குச் சராசரியாக 10 சரியாகி 40 மார்க் வந்து, 30 தப்பாகி 30 மார்க் போய், 10 மிஞ்சும். இரண்டு விடையைத் தப்பென்று தள்ள முடிந்தால் 40 கேள்விக்கு 60 மிஞ்சும். எனவே பாதி தெரிந்த கேள்வியை விட்டுவிட்டு வருவது யோக்கியமல்ல, வெறும் பயமே.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மேலே சொன்ன 44 மணி யாருக்கு? வீட்டில் தட்டு முன்னால் வந்து சேருகிற பிள்ளைக்கு. பல் வைத்தியம் படிப்பவர்களில் இன்று பெண்களே அதிகம். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் அடுப்பு கூப்பிடுகிறது, பாத்திரம் கூப்பிடுகிறது, பாட்டிக்கு மாத்திரை, தம்பிக்குத் தோசை. தினம் 3 மணி என்று வைத்தாலும் வாரம் 21 போய் 23 தான் மிச்சம். பரீட்சைக்கு 40 வாரம் இருக்கிறதென்றால், மகனுக்கு 1,760 மணி; மகளுக்கு 920. ஒரே பரீட்சை, ஒரே கேள்வித்தாள். ஆனால் 840 மணி வித்தியாசம். பிறகு ராங்க் குறைந்தால், "பெண்ணுக்கு இவ்வளவுதான் புத்தி, மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று தகப்பனார் சொல்லுகிறார்! புத்தியா குறைந்தது? மணியல்லவா குறைந்தது?

இந்த 840 மணியை எந்தப் பயிற்சிக் கூடத்திலும் விலைக்கு வாங்க முடியாது. வீட்டிலுள்ள ஆண்கள்தான் கொடுக்க வேண்டும். பெண்களே! "கொஞ்சம் படித்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 168-ஐயும் ஒரு காகிதத்தில் எழுதி, அடுப்பங்கரைக்குப் போகும் 21 மணிக்கு எதிரே அப்பா, அண்ணன், தம்பி என்று பெயர்களைப் போட்டு, சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். கல்யாணமானவர்கள் கணவர் பெயரை முதலில் போடுங்கள். முதல் வாரம் ரசத்தில் உப்பு அதிகமாகத்தான் இருக்கும். இரண்டாம் வாரம் சரியாகிவிடும்.