கருவறைக்குள் போகச் சொல்லும் ஆணை

கருவறை என்றால் தமிழ்நாட்டில் நமக்கு நினைவுக்கு வருவது உள்ளே விட மறுக்கும் கதவுதான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற சட்டத்துக்கு 1970இல் தொடங்கிய போராட்டம் இன்னும் நீதிமன்றப் படிகளில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததோ இதற்குத் தலைகீழான வழக்கு. கருவறைக்குள் போக மறுத்ததால் ஓர் இராணுவ அதிகாரி வேலையை இழந்திருந்தார்.

அவர் ஒரு கிறிஸ்தவர். 2017இல் 3ஆவது கேவல்ரி ரெஜிமெண்டில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அவர் பொறுப்பில் இருந்தவர்கள் சீக்கியப் படைவீரர்கள். ரெஜிமெண்டில் ஒரு கோயிலும் ஒரு குருத்வாராவும் மட்டுமே இருந்தன, எல்லா மதத்தாருக்குமான பொது வழிபாட்டு இடம் இல்லை என்பது அவர் வாதம். வாராந்திர மத அணிவகுப்புக்குத் தன் வீரர்களுடன் போனதாகவும், செருப்பைக் கழற்றி, தேவையான இடத்தில் தலைப்பாகை கட்டி நின்றதாகவும் சொன்னார். பூசையும் ஆரத்தியும் நடக்கும் உள்ளறைக்குள் நுழைவதிலிருந்து மட்டும் விலக்குக் கேட்டார். 2021இல் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லாமல் வெளியே அனுப்பினார்கள்.

2025 மே 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இதைச் சரி என்றது. இது மதச் சுதந்திரம் பற்றிய கேள்வியே அல்ல, மேலதிகாரியின் சட்டபூர்வமான ஆணைக்குக் கீழ்ப்படியாமை என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. தன் வீரர்களின் உணர்வை மதிக்காதவர், இராணுவத்துக்குப் பொருந்தாதவர் என்று கண்டித்தது.

இராணுவத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ‘இத்தனை மணிக்கு அணிவகு’ என்பது ஆணை. ‘வீரர்களோடு நில்’ என்பதும் ஆணை. இரண்டுக்கும் அவர் கீழ்ப்படிந்ததாகவே சொல்கிறார். ‘உள்ளே போய் ஆரத்தியில் கலந்துகொள்’ என்பது எந்தப் போர்த் தேவையிலிருந்து வருகிறது?

ஒரு மதகுருவே அவரிடம் ‘கோயிலுக்குள் போவதில் தவறில்லை’ என்று சொன்னதை உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டது. சாதி எதிர்ப்பு மரபில் வந்த நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. நான் எதை நம்புகிறேன் என்பதை என் மனசாட்சி முடிவு செய்ய வேண்டுமா, பாதிரியோ புரோகிதரோ முடிவு செய்ய வேண்டுமா? இரண்டாவதுதான் சரி என்றால் பெரியாருக்கும் அம்பேத்கருக்கும் இந்த நாட்டில் இடமே இருந்திருக்காது.

காலனிய மதராஸ் படையின் ஆள்சேர்ப்பு என் ஆய்வுப் பொருள். சிப்பாயின் உடம்பில் மதம் எங்கே இருக்கலாம் என்ற சண்டை நம் வேலூரிலேயே நடந்திருக்கிறது. 1805 நவம்பரில் நெற்றியில் சாதி, மதக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். உத்தரவைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இதிலிருந்தும் 1857இலிருந்தும் பிரிட்டிஷார் கற்ற பாடம், படையைச் சாதி வாரியாக, மத வாரியாகப் பிரித்து அடுக்கினால் ஆள்வது எளிது என்பதுதான். பிறகு ‘போர்ச் சாதி’ என்ற கட்டுக்கதையைக் கொண்டுவந்தார்கள். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர். அந்தச் சுபேதாரின் சாதியான மகர்களுக்கே 1890களில் படையின் கதவு மூடப்பட்டது. 1941இல் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது மகர் ரெஜிமெண்ட் வந்தது. 1943இல் உருவான சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்தார்கள். விடுதலைக்குப் பிறகும் அந்த அடுக்கு முழுதாகப் போகவில்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் என்று பார்த்தே ஆள் எடுத்து வருகிறார்கள்.

‘வீரர்களின் மதமே அதிகாரியின் மதம்’ என்ற வழக்கம் இந்த அடுக்கிலிருந்து முளைத்தது. ஒரு பிரிவில் ஒரே மதத்தவரை நிரப்பிவிட்டு, அந்த மதத்தை அந்தப் பிரிவின் ஒழுங்காக்கி, ஒத்துவராதவரை ஒழுங்கீனர் என்கிறோம். எல்லாரும் கலந்திருக்கும் பிரிவில் இந்தக் கேள்வி இதே வடிவில் எழாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் கேட்டது எங்கள் வீட்டிலேயே. என் பெரியப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மந்திர் பரேடு’ பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: “நம்மூர்ல தேரு நம்ம தெரு வழியா வராதுடா. அங்க நான் உள்ள போயி மணி அடிச்சேன். நீ என்ன சாதின்னு ஒருத்தன் கேக்கல.” ஊரில் அடைத்த கதவு பட்டாளத்தில் திறந்திருந்தது. அந்த அனுபவத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமையில்லை. சேர்ந்து கும்பிடுவது சாதியைக் கரைக்கிறது என்று இராணுவம் சொன்னால், அதற்கு என் பெரியப்பாவே சாட்சி.

ஆனால் சாதி எதிர்ப்பின் வரலாறு கோயிலுக்குள் நுழைந்ததோடு முடியவில்லை. 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயிலில் நுழையப் போராட்டம் தொடங்கிய அம்பேத்கர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். கருவறை நுழைவுக்குப் போராட்டம் அறிவித்த பெரியார் கடவுள் மறுப்பாளர். நுழையும் உரிமையும் நுழைய மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு ஒன்றுதான். பெரியப்பாவுக்குக் கிடைத்தது பெரிய விஷயம். அதே பரேடில், ‘எனக்கு இந்தச் சாமி வேண்டாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருக்கு 22 உறுதிமொழிகளைத் தந்தார். பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை, ராமனை, கிருஷ்ணனை, கௌரியை, கணபதியை வணங்கமாட்டேன் என்பவை அவற்றில் முதன்மையானவை. அந்த உறுதிமொழியை எடுத்த குடும்பத்துப் பிள்ளை நாளை ஒரு ரெஜிமெண்டில் அதிகாரியாகி, ஆரத்தித் தட்டைப் பிடிக்க மறுத்தால்? இந்தத் தீர்ப்பின்படி அவரும் பொருந்தாதவர்தான். கடவுள் மறுப்பாளருக்கும் அதே கதிதான்.

நம் தோழர்களில் சிலர், ‘அவரே ஒரு மதப் பிடிவாதக்காரர், அவருக்காக நாம் ஏன் பேச வேண்டும்?’ என்கிறார்கள். அவருடைய நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் கேட்பது சலுகை. பிடிக்காதவருக்கும் சேர்த்துக் கேட்டால்தான் அது உரிமை.

விலக்குத் தருவது இராணுவத்தால் முடியாத காரியமும் அல்ல. சீக்கிய வீரர்களின் தலைமுடிக்கும் தாடிக்கும் நெடுங்காலமாக இடம் தந்திருக்கிறது, படை குலைந்துவிடவில்லை. 2016இல் விமானப்படையின் முஸ்லிம் வீரர் ஒருவர் தாடி வைக்க அனுமதி கேட்டபோது, சீருடையின் ஒருமையைச் சொல்லி உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த வழக்கில் மதத்தை வெளியே காட்டாதே என்றார்கள். இந்த வழக்கில் பெரும்பான்மையின் மதத்தில் பங்கெடு என்கிறார்கள். இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டியவர் சிறுபான்மையினர்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. அணிவகுப்புக்கு வருவதைக் கட்டாயமாக்கலாம், வழிபாட்டைக் கட்டாயமாக்கக்கூடாது என்று எழுத்தில் விதி வேண்டும். ஏற்கெனவே பல படைப்பிரிவுகளில் இருக்கும் ‘சர்வ தர்ம ஸ்தல்’ எல்லாப் பிரிவிலும் வேண்டும், நம்பிக்கை இல்லாதவர் வெளியே நிற்க இடமும் வேண்டும். சாதி பார்த்து ஆள் எடுப்பது முற்றாக ஒழிய வேண்டும். மூன்றாவது நடக்காமல் முதல் இரண்டும் நிலைக்காது.

அந்த அதிகாரிக்கு இனி வேலை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்து மறுக்கப் போகிறவர் நாக்பூர் உறுதிமொழியோடு வரலாம், கறுப்புச் சட்டை வீட்டிலிருந்தும் வரலாம். அவருக்காகவாவது நாம் இப்போதே பேச வேண்டும்.