சைபீரியா போய் வந்த மணி

மாஸ்கோவில் கிளம்பி, கால்வாயும் வோல்கா நதியுமாக வடக்கே போகும் சுற்றுலாக் கப்பல்கள் உக்லிச் என்ற சின்ன ஊரில் நிற்கும். அதிகம் போனால் மூன்று மணி நேரம். அதற்குள் ஊரைப் பார்த்துவிடலாம் என்பது சுற்றுலா நடத்துபவர்களின் கணக்கு. ஊரின் மக்கள்தொகையும் சுமார் 30 ஆயிரம்தான். ஆனால் வயது அதிகம். 937இல் தோன்றியதாக உள்ளூர் மரபு சொல்கிறது. பழைய ஏடுகளில் முதன்முதலாகப் பெயர் வருவது 1148இல்.

துறையில் இறங்கியதும் கடைகள் வரவேற்கின்றன. மரப் பொம்மைகள், லினன் துணிகள், எனாமல் நகைகள், கைக்கடிகாரங்கள். சோவியத் காலத்தில் இந்த ஊர்த் தொழிற்சாலை செய்த 'சாய்க்கா' கடிகாரங்களுக்கு நாடு முழுதும் பெயர் இருந்தது. சாய்க்கா என்றால் கடற்காகம். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான வாலன்டினா தெரெஷ்கோவா பயணத்தின்போது பயன்படுத்திய அழைப்புப் பெயரும் அதுதான். அவர் இதே யாரோஸ்லாவல் மாகாணத்துக்காரர். கடைகளைக் கடந்தால் நதியோரமாக, ஆளை நிறுத்திவிடும் ஒரு கட்டடம்: ரத்தச் சிவப்புச் சுவர்கள், வெள்ளை விளிம்புகள், தங்க நட்சத்திரங்கள் பதித்த நீலக் கவிகை மாடங்கள். 1692இல் கட்டப்பட்ட திமித்ரி தேவாலயம். அதன் முழுப் பெயர், 'ரத்தம் சிந்திய இடத்தில் நிற்கும் திமித்ரி தேவாலயம்'.

எங்கள் வழிகாட்டி அதிக நேரம் நின்றது அந்த நீல மாடங்களுக்குக் கீழே அல்ல, உள்ளே இருக்கும் ஒரு வெண்கல மணிக்கு முன்னால். எடை சுமார் 320 கிலோ. ரஷ்ய அளவுக்கு இது சின்ன மணி. ஆனால் இந்த மணி சவுக்கடி பட்டது, நாக்கு அறுபட்டது, காது வெட்டப்பட்டது, முந்நூறு ஆண்டுக் காலம் சைபீரியாவில் நாடுகடத்தல் தண்டனை அனுபவித்தது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷயம் தெரியாத சிரிப்பு அது.

நடந்தது இதுதான். 'பயங்கர இவான்' என்று சரித்திரம் அழைக்கும் ஜார் மன்னர் 1584இல் இறந்தார். உயிரோடிருந்த மகன்களில் மூத்தவரான ஃபியோதர் ஜார் ஆனார். அவர் பலவீனமானவர், உண்மையான அதிகாரம் மைத்துனர் போரிஸ் கோதுனோவ் கையில். இவானின் கடைசி மனைவி மரியாவும் அவளுடைய குழந்தை திமித்ரியும் மாஸ்கோவில் இருப்பது யாருக்கும் வசதிப்படவில்லை. இருவரையும் உக்லிச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். 1591 மே 15ஆம் தேதி பகலில், அரண்மனை முற்றத்தில் 8 வயதுச் சிறுவன் திமித்ரி கழுத்தில் வெட்டுக் காயத்தோடு இறந்து கிடந்தான்.

உடனே தேவாலய மணி அடித்தது. அந்தக் காலத்தில் மணி என்பது பிரார்த்தனைக்கு அழைக்க மட்டுமல்ல. தீ, வெள்ளம், பகைவர் படை என எந்த ஆபத்துக்கும் ஊரைக் கூட்டுவது அதுதான். மக்கள் ஓடி வந்தார்கள். பையனைக் கொன்றுவிட்டார்கள் என்று தாயும் உறவினரும் கதறினார்கள். மாஸ்கோ அனுப்பியிருந்த அதிகாரி மிகைல் பித்யகோவ்ஸ்கியையும் அவருடைய மகனையும் இன்னும் பலரையும் கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று விசாரிக்க அந்தக் கூட்டத்துக்குப் பொறுமை இருக்கவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான்கு நாளில் மாஸ்கோவின் விசாரணைக் குழு வந்தது. தலைவர் பிரபு வசீலி ஷூய்ஸ்கி. இளவரசனுக்கு வலிப்பு நோய் உண்டு. கத்தி எறிந்து விளையாடும்போது வலிப்பு வந்து தானே குத்திக்கொண்டான். எனவே விபத்து என்று தீர்ப்பு. விபத்து என்றால் மணி அடித்தது கலகம், மக்கள் செய்தது ராஜத் துரோகம். தாய் மரியாவைக் கன்னி மடத்துக்கு அனுப்பினார்கள். சுமார் 200 பேருக்கு மரண தண்டனை, 60 குடும்பங்கள் சைபீரியாவில் உள்ள பெலீம் என்ற இடத்துக்கு நாடுகடத்தல் என்று மரபு சொல்கிறது. மணியைக் கோபுரத்திலிருந்து கீழே தள்ளி, 12 சவுக்கடி கொடுத்து, நாக்கைப் பிடுங்கி, காதை வெட்டி, அதையும் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். நாடுகடத்தப்பட்டவர்களே அதை இழுத்துக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள்.

ரஷ்ய மொழியிலிருந்து எதையாவது பெயர்த்துப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் தடுக்கும். 'யஸீக்' என்ற சொல்லுக்கு நாக்கு என்று பொருள், மொழி என்றும் பொருள். மணிக்குள் தொங்கி ஓசை எழுப்பும் உறுப்புக்கும் அதுவே பெயர். தமிழிலும் அதை நா என்றுதான் சொல்கிறோம், ஆகவே இதுவரை சிரமமில்லை. ஆனால் ரஷ்யச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. எதிரி முகாமிலிருந்து தகவல் கறப்பதற்காகப் பிடித்துவரும் ஆளையும் 'நாக்கு' என்பார்கள். ஆக அந்தச் சொல்லுக்குள் ஒரு சாட்சியும் இருக்கிறான். மணியைத் தொங்கவிடும் வளையத்தை ரஷ்யர்கள் 'காது' என்கிறார்கள். இனிமேல் எதையும் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது என்பதுதான் அந்தத் தண்டனை. மணிக்குத் தந்தது மனிதர்களுக்கு ஓர் எச்சரிக்கை.

தீர்ப்புச் சொன்ன ஷூய்ஸ்கிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1598இல் ஃபியோதர் வாரிசில்லாமல் இறக்க, கோதுனோவே ஜார் ஆனார். சில ஆண்டுகளில், "நான்தான் திமித்ரி, அன்று தப்பிவிட்டேன்" என்று ஒருவன் போலந்து நாட்டு ஆதரவோடு கிளம்பினான். 1605இல் கோதுனோவ் இறந்ததும் அவன் மாஸ்கோவுக்குள் நுழைந்து முடிசூட்டிக்கொண்டான். இளவரசர் அன்று பிழைத்தது உண்மைதான் என்று சாட்சி சொன்னவர்களில் ஷூய்ஸ்கியும் ஒருவர். மரியாவும் அவனைத் தன் மகன் என்றாள். 1606இல் அந்தப் போலி ஜாரைக் கொன்றார்கள். அடுத்த ஜார் யார்? ஷூய்ஸ்கிதான். இப்போது அவர் சொன்னது: திமித்ரி இறந்தது உண்மை, கொன்றவர்கள் கோதுனோவின் ஆட்கள். சிறுவனின் உடலைத் தோண்டியெடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து, அவனைப் புனிதனாகவும் அறிவித்தார்கள்.

விபத்து, தப்பித்தான், கொலை. ஒரே மனிதர், 15 ஆண்டுகளில் மூன்று வாக்குமூலம். மூன்றுமே அந்தந்த நேரத்து அதிகாரத்துக்குப் பொருந்தியவை. புஷ்கின் இந்தக் காலத்தை வைத்து நாடகம் எழுதினார். முசோர்க்ஸ்கி அதை ஆப்பெரா ஆக்கினார். இரண்டிலும் கோதுனோவ்தான் குற்றவாளி. ஆனால் சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை உடன்படவில்லை. விபத்து என்று கருதுவோரும் உண்டு.

தொபோல்ஸ்கில் மணியை 'உயிரற்ற முதல் நாடுகடத்தப்பட்டது' என்று பதிவு செய்தார்களாம். பிறகு அங்கேயே ஒரு தேவாலயத்தில் தொங்கவிட்டு, தீ விபத்துக்கு அடிக்கப் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் உக்லிச் மக்கள் தங்கள் மணியைத் திருப்பித் தரும்படி மனுப் போட ஆரம்பித்தார்கள். கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் நடந்தது. கடைசியில் மூன்றாம் அலெக்ஸாண்டர் அனுமதி தர, 1892இல் மணி ஊர் திரும்பியது. அது பழைய மணியே அல்ல, 1677இல் தொபோல்ஸ்கில் நடந்த பெரும் தீயில் அசல் உருகிவிட்டது என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். இருக்கலாம். உலோகத்துக்கு ஒரு மன்னிப்பு உண்டு. அதோடு போன 60 குடும்பங்களுக்கு யாரும் மனுப் போடவில்லை. அவர்கள் திரும்பவில்லை, அவர்களுடைய பேரன் பேத்திகள் சைபீரியாக்காரர்கள் ஆகிப்போனார்கள்.

மணியை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே செங்கல்லால் கட்டிய ஒரு பழைய மாளிகை. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் உக்லிச் சிற்றரசர் ஆந்த்ரே கட்டியது. அவர் மாஸ்கோ மன்னர் மூன்றாம் இவானின் தம்பி. அண்ணன் 1491இல் தம்பியைச் சிறையில் போட்டார். இரண்டு ஆண்டில் அங்கேயே ஆந்த்ரே இறந்தார். கொஞ்ச தூரத்தில் அலெக்ஸேயெவ்ஸ்கி மடத்தில் 1628இல் கட்டிய ஒரு தேவாலயம். வெள்ளைச் சுவருக்கு மேலே மூன்று கூடாரக் கோபுரங்கள், மெழுகுவர்த்திகள் போல. அதற்கு வேறு பெயர் இருந்தாலும் ஊரார் அழைப்பது 'தீவ்னயா', அதாவது அற்புதமானது. திமித்ரியின் மரணத்துக்குப் பின் வந்த குழப்பக் காலத்தில் போலந்துப் படைகள் உக்லிச்சைச் சூறையாடின. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த கட்டடம் அது. உக்லிச்சில் மூன்று மணி நேரமே இருந்தாலும் இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இந்தியர்களுக்கு இந்த ஊரோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாஸி நிகிதின் வோல்கா வழியாகப் புறப்பட்டு, பாரசீகம் கடந்து, மகாராஷ்டிரக் கடற்கரையில் சௌல் துறைமுகத்தில் இறங்கினார். ஜுன்னார், பீதர் என்று நம் தக்காணத்தில் சில ஆண்டுகள் சுற்றினார். 1957இல் குவாஜா அகமது அப்பாஸ் இயக்கத்தில் நர்கீஸ் நடித்த இந்திய-சோவியத் கூட்டுத் தயாரிப்பான 'பர்தேசி' அவர் கதைதான். தன் குறிப்புகளில் அவர், கல்யாஸின் ஊர் மடத்துத் தலைவரிடம் ஆசி பெற்றதையும், அங்கிருந்து உக்லிச் வந்ததையும், இங்கே தடை ஏதுமின்றிப் போகவிட்டதையும் எழுதியிருக்கிறார்.

நிகிதின் வந்த அதே வழியில்தான் மாஸ்கோக் கப்பலும் வருகிறது. ஆனால் அவர் பார்த்த கல்யாஸின் இன்று இல்லை. உக்லிச்சுக்கு முன்பு, நதி அகன்று ஏரி போல விரியும் ஓரிடத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளை மணிக்கோபுரம் தன்னந்தனியாக நிற்கும். உயரம் 74 மீட்டர். 1800இல் கட்டியது. பயணிகள் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடிவந்து படம் எடுப்பார்கள். அந்தக் கோபுரத்துக்குச் சொந்தமான தேவாலயமும் பழைய ஊரின் பெரும்பகுதியும், நிகிதின் ஆசி பெற்ற மடம் இருந்த இடமும் நீருக்கடியில். காரணம் உக்லிச் அணை.

1935இல் அணை வேலை ஆரம்பமானது. 1940 டிசம்பரில் முதல் மின்னாக்கி ஓடியது. அடுத்த ஆண்டு ஹிட்லர் படை மாஸ்கோவை நெருங்கியபோது நகரத்துக்கு மின்சாரம் கொடுத்தவற்றில் உக்லிச் முக்கியமானது. அந்தப் பெருமையை ஊரில் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும்தான். இந்த அணையையும் ரிபின்ஸ்க் அணையையும் கட்டுவதற்கென்றே 'வோல்காலாக்' என்ற சிறை முகாம் அமைப்பு உருவாக்கப்பட்டது. மண் சுமந்தவர்கள், கான்கிரீட் போட்டவர்கள் கைதிகள். திருடர்களும் இருந்தார்கள், தவறான நேரத்தில் தவறான வார்த்தை பேசியதற்காக வந்தவர்களும் இருந்தார்கள். உக்லிச் அருகில் இருந்த பழைய போக்ரோவ்ஸ்கி மடமும் இந்த நீருக்கே இரையானது.

மணியின் கதையை எங்கள் வழிகாட்டி அரைமணி நேரம் சொன்னார். அணைக்கு ஒரு வாக்கியம். அவர் மேல் குறையில்லை. நானூறு ஆண்டுக்கு முந்தைய அநியாயத்தைச் சொல்வது எல்லோருக்கும் எளிது. அதைச் செய்தவர்கள் யாரும் மிச்சமில்லை. தாத்தா காலத்து அநியாயம் அப்படியல்ல. காவல் காத்தவரின் பேரனும் காவலில் இருந்தவரின் பேரனும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். சவுக்கடி பட்ட மணியை மன்னித்து, மாலை மரியாதையோடு அழைத்துவர ஜார் அரசுக்கு முந்நூறு ஆண்டு ஆயிற்று.

அணையை ஒட்டிக் கப்பல்களுக்கு ஒரு மதகுத் தொட்டி. கப்பல் உள்ளே போனதும் கதவை அடைத்துத் தண்ணீரை வடிப்பார்கள். கப்பல் சுமார் 11 மீட்டர் கீழே இறங்கும். அதைக் கடந்தபோது எங்கள் கப்பலில் பெரும்பாலோர் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். 2022இல் உக்ரைன் போர் ஆரம்பித்த பிறகு மேல்நாட்டுப் பயணிகள் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது கப்பல்களில் ரஷ்யர்களே அதிகம். யாராக இருந்தாலும், உக்லிச் போனால் மணியை அவசியம் பாருங்கள். அந்த மதகு வரும்போது சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு மேல்தளத்துக்கு வாருங்கள். பார்ப்பதற்கு அழகாக ஒன்றும் இருக்காது. இருபுறமும் ஈரச் சுவர் மெல்ல மேலே எழும், அவ்வளவுதான். அதைக் கட்டியவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்களே. அவர்களை யாரும் மூன்று மணி நேரத்தில் திருப்பி அனுப்பவில்லை.