ரோடு போட்டால் போதுமா?

எம்.எல்.ஏ. என்றால் ரோடும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும், மசோதாவைப் பற்றித் தொகுதியில் பேசி நேரத்தை வீணாக்கக் கூடாது என்கிறார் நண்பர். மக்களுக்கு அதில் அக்கறை இல்லையாம்.

2023 ஏப்ரல் 21ஐ அவர் மறந்துவிட்டார். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பதாக அறிவித்த அரசு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. அக்கறை இல்லாதவர்களா இதைச் சாதித்தார்கள்?

அந்த மசோதா நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று அதில் பெயர்வாரியாகப் பதிவாவதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளி, தன் பிரதிநிதி என்ன செய்தார் என்பதை அவர் வாயால் கேட்டால்தான் உண்டு. ரோட்டுக்கு ஒப்பந்தம் விட அதிகாரிகள் இருக்கிறார்கள். சட்டத்துக்குக் கை தூக்கும் உரிமை இந்த 234 எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே. எந்தப் பக்கம் கை தூக்கப் போகிறார்கள் என்ற கணக்கை வாக்கெடுப்புக்கு முன்பே தொகுதிக்கு வந்து சொல்லட்டும்.