துணி பேட் தந்தால் போதுமா?

துணி பேட்டையும் மாதவிடாய்க் கப்பையும் எங்கள் மாதர் அணியில் சிலர் மூன்று மாதம் பாவித்துப் பார்த்தோம். கப் நல்ல சாமான். 12 மணித்தியாலம் வரை தாங்கும், பல வருடம் பாவிக்கலாம். மலையேறி பின்னேர நிறுவை முடியும்வரை கசியவில்லை. (முதல் மாதம் அதைப் போடப் பட்ட பாடு வேறு கதை.)

ஆனால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் அதைத் தொடலாம். மாதத்துக்கு ஒருமுறை கொதிக்க வைக்கவும் வேண்டும். ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில், மாமனார் பார்த்திருக்க எப்படிக் கொதிக்க வைப்பது? துணி பேட் நல்ல வெயிலில் காய வேண்டும். மழை மாதத்தில் எங்கள் லயத்தில் கொழுந்துச் சாக்கே காய்வதில்லை. வெட்கத்தில் கட்டிலுக்கு அடியில் போட்டு, ஈரத்தோடு கட்டி, அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

பேட் பொதியைக் கொடுத்துப் படம் பிடித்துப் போகிறவர்களிடம் கேட்கிறோம்: மலையில் மலசலகூடம் எங்கே? தேயிலைச் செடி மறைவில், அட்டைக்கடியோடு, எந்தத் தண்ணீரில் கழுவுவது?

மலைக்கு மலை தண்ணீரோடு மலசலகூடம் வேண்டும். போய் வரும் நேரத்தில் கிலோ குறைந்ததென்று அரைப்பேர் போடக்கூடாது. அடுத்த பேச்சுவார்த்தையில் இவை இரண்டும் கோரிக்கையாக வர வேண்டும். தலைவர்மாரே, இந்தப் பேச்சு எடுத்தால் பீடி பற்றவைக்க வெளியே போகாமல் கூட்டத்தில் இருங்கள்.