இணையத்தில் ஒரு பெயர்ப் பலகை

மும்பையில் கடை நடத்துவோருக்குப் பெயர்ப் பலகையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேவநாகரி எழுத்தில் மராத்தியிலும் பலகை வைக்க 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வணிகர்களுக்கு இரண்டு மாத அவகாசம் அளித்தது. வீதியில் உள்ள பலகையின் எழுத்துவரை சட்டம் பார்க்கிறது. இணையத்தில் உள்ள பலகையையோ அதன் உரிமையாளரே பார்ப்பதில்லை.

கூகுளில் தேடும்போது ஒவ்வொரு முடிவிலும் பெரிய எழுத்தில் தெரியும் வரியையே இணையப் பலகை என்கிறோம். பெரும்பாலும் அது பக்கத்திற்கு நாம் இடும் தலைப்பே. சிறு வணிகர் பலரின் தளங்களில் அவ்விடத்தில் 'முகப்பு' அல்லது 'நல்வரவு' என்றே காண்கிறோம். தளத்தை அமைத்தவர் இட்டுச் சென்ற சொல் அப்படியே நின்றுவிட்டது. 'முகப்பு' வாங்க எவர் வரப்போகிறார்?

தாராவியில் தோல் பை தைத்து விற்பவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 'தோல் பைகள் மொத்த விலையில் – தாராவி, மும்பை' என்று எழுதி, கடைப் பெயரை இறுதியில் சேர்த்தால் போதும். கடைப் பெயரை முன்வைப்பது ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே பொருந்தும். 'தோல் பை, மலிவுத் தோல் பை, சிறந்த தோல் பை' என அடுக்குவதில் பயனில்லை. தலைப்பு பொருந்தவில்லை எனக் கருதினால், பக்கத்தில் உள்ள வேறு சொற்களைக் கொண்டு கூகுள் தானே ஒரு தலைப்பை அமைத்துவிடும். நீண்ட தலைப்பு கைபேசித் திரையில் பாதியில் அறுபடும் என்பதால் முக்கியச் சொல் முன்னே வரட்டும்.

இடப் பெயரிலும் கவனம் தேவை. மத்திய ரயில் தடத்தில் மாட்டுங்கா நிலையம், மேற்குத் தடத்தில் மாட்டுங்கா ரோடு நிலையம். காப்பித் தூள் கடைக்காரர் 'மாட்டுங்கா கிழக்கு' எனக் குறித்தால் வாடிக்கையாளர் தவறான நிலையத்தில் இறங்க மாட்டார். செம்பூரில் தமிழர், மராத்தியர், மலையாளி எனப் பலரும் வாங்குகிறார்கள். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழ்த் தலைப்பும் ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பும் தனித்தனியே இருத்தல் நலம்.

தேடலில் முதலிடம் உறுதி என்று கூறி முன்பணம் கேட்போரை நம்ப வேண்டாம். அவ்வுறுதியை எவராலும் அளிக்க இயலாது எனக் கூகுளே எச்சரிக்கிறது. தலைப்பைத் திருத்துவதற்கோ பெருஞ்செலவு ஏதுமில்லை.

இதை ஒரு வங்கி இதழ் ஏன் பேச வேண்டும்? விற்பனை நன்றாயிருந்தால்தான் கடன் தவணையும் ஒழுங்காக வரும் என்பது ஒரு காரணம், மறைப்பதற்கில்லை. இன்னொன்று, தலைப்பை எவரும் எப்படியும் எழுதலாம் என்பது. 'வங்கி வாடிக்கையாளர் சேவை எண்' என்ற தலைப்பை மோசடிக்காரரும் இடுகிறார். பணம் எங்கே போயிற்று என்ற பதற்றத்தில் தேடுபவர் அந்த வரியை நம்பி அழைத்து, கடவு எண்ணைச் சொல்லிவிடுகிறார். ஆகவே தலைப்பை நன்றாக எழுதக் கற்கும் வணிகர், பிறர் எழுதிய தலைப்பை ஐயத்துடன் படிக்கவும் பழக வேண்டும்.

தலைப்பைப் போல் முகவரியைப் பொய்யாக அமைப்பது எளிதன்று. அதற்காகவே இந்திய வங்கிகளுக்கு மட்டும் 'பேங்க்.இன்' என முடியும் முகவரியை ரிசர்வ் வங்கி வகுத்து, 2025 அக்டோபர் 31க்குள் மாறிவிடுமாறு வங்கிகளைப் பணித்தது. சேவை எண்ணைத் தேடல் முடிவிலிருந்து எடுக்காமல், கணக்குப் புத்தகத்திலிருந்தோ பற்று அட்டையின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்குகிறது.