இலவச அட்டைக்கு எதற்குத் தரகு?

மும்பையில் வாழும் நம்மவர் வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால், "எல்லாம் நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று ஒரு தரகர் வந்து சேர்ந்து விடுகிறார். மருத்துவச் சான்று, அடையாள அட்டை, உதவித் தொகை, ரயில் சலுகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறார். மராத்திப் படிவத்தைக் கண்டு மலைக்கும் தொழிலாளி, வட்டிக்கு வாங்கியாவது கொடுத்து விடுகிறார்.

உடன் அலைந்து உதவுபவருக்குக் கூலி கொடுப்பது தவறல்ல. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டாமா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் தேவை. அதை நிர்ணயிப்பவர் மருத்துவரே அன்றித் தரகர் அல்ல. தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இங்கே பெற்ற அட்டை திருநெல்வேலியிலும் செல்லும்.

மகாராஷ்டிர அரசின் சஞ்சய் காந்தி நிராதார் உதவித் தொகைக்கு, இம்மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். நேற்று வந்தவருக்கும் வாங்கித் தருவேன் என்பவரை நம்பலாமா? ரயில் சலுகையும் எல்லா ஊனத்துக்கும் கிடையாது. நான்கு வகையினருக்கு மட்டுமே. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை கால் ஊனமுற்றோருக்குத் தூங்கும் வசதி வகுப்பில் 75 சதவீதக் குறைப்பு உண்டு. துணைக்குச் செல்பவருக்கும் அதே சலுகைதான்.

உண்மையான உதவியும் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா காப்பீட்டில், தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் மூலம் சேரலாம். அத்தகைய இடத்தை முதலில் நாடுவதே புத்திசாலித்தனம்.

பணம் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். என்ன வேலை, எத்தனை நாளில் என்று எழுதி வாங்குங்கள். ரசீது கேளுங்கள். அசல் சான்றுகளை ஒருபோதும் கைவிட்டுக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிறோம், நல்லதுதான். ஞாயிறுதோறும் ஒரு மேசை போட்டு, மராத்தி தெரிந்த ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தால், எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும். அரசும் மருத்துவமனை வாயிலில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் "கட்டணம் இல்லை" என்று பலகை வைக்க ஆவன செய்ய வேண்டும். உரிமையை விலைக்கு வாங்கும் நிலை ஏழைக்கு வரலாகாது.