கிளிண்ட் ஈஸ்ட்வுட் ரசிகர்கள் மன்னிக்கவும்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். (பெயர் வேண்டாம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.) "சார், கௌபாய் படம் பார்க்கிறவன் உருப்பட மாட்டான்னு வகுப்புல சொன்னீங்க. இப்போ ராத்திரி முழுக்க அதைத்தான் பார்க்கறீங்களாமே?" என்றார். உண்மைதான். மகன் டிவியில் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்கள் ஒன்று விடாமல் பார்த்தாகிவிட்டது. ஆகவே சில தீர்ப்புகள்.

வாத்தியார் கண்ணில் முதலில் படுவது காப்பிதானே. 1964இல் செர்ஜியோ லியோனி எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்', ஜப்பானின் அகிரா குரோசாவா 1961இல் எடுத்த 'யோஜிம்போ'வைப் பக்கத்து பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து எழுதியது. வாளை எடுத்துவிட்டுத் துப்பாக்கி வைத்தார், அவ்வளவுதான். அனுமதி கேட்கவில்லை. ஜப்பான்காரர்கள் விடவில்லை, வசூலில் 15 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார்கள். போதாக்குறைக்கு, படம் எடுத்தவர் இத்தாலிக்காரர் என்று தெரியக் கூடாதென்று 'பாப் ராபர்ட்சன்' என்று பெயர் வேறு போட்டுக்கொண்டார். ஆனாலும் சொல்கிறேன், பரீட்சை ஹாலில் நான் பிடித்த பிட்டு எதுவும் இவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்ததில்லை.

ஈஸ்ட்வுட்டைப் பற்றி: மூன்று படங்களிலும் அவர் நடித்ததைவிடக் கண்ணை இடுக்கியதுதான் அதிகம். வெயிலில் நிற்கும் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதுவும் அது அமெரிக்கப் பாலைவனமே இல்லை, ஸ்பெயின் நாட்டு அல்மேரியா பொட்டல். 'ஜாங்கோ' (1966) பார்த்தேன். ஒருவன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, சவப்பெட்டியைச் சேற்றில் இழுத்துக்கொண்டே வருகிறான். முதலில் ஒரு குதிரை வாங்கியிருக்கலாம். 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) மகா காவியம் என்கிறார்கள். ஆரம்பத்தில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஈ பறக்கிறது, தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் இதுவே. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு நான் இதைவிட நேரம் காத்திருக்கிறேன், யாரும் காவியம் என்று சொல்லவில்லை.

இசையைக் குறை சொல்ல மாட்டேன். என்னியோ மோரிகோனியும் லியோனியும் ரோமில் தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பு. அந்த டீச்சருக்குத் தன் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்திருக்குமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்துக்கு ஈஸ்ட்வுட்டைத்தான் ஹீரோ என்கிறீர்கள். எனக்கு எலி வாலக் நடித்த டூக்கோதான் ஹீரோ. திருடன், பொய்யன், வாயாடி. ஆனால் அந்தப் படத்தில் பசி, பயம், வெட்கம் எல்லாம் உள்ள ஒரே ஆள் அவன்தான்.

நடுவில் ஒரு காட்சி. டூக்கோ ஒரு மடத்துக்கு வருகிறான். அங்கே பாதிரியாராக இருப்பவர் அவன் அண்ணன். அம்மா அப்பா செத்தபோதுகூட வராதவன் என்று அண்ணன் இடித்துப் பேசுகிறார். தம்பி திருப்பிக் கேட்கிறான்: நீ சாமியாராகப் போய்விட்டாய், வீட்டில் கிடந்தவன் நான், எது கஷ்டமான வழி? கைகலப்பாகிவிடுகிறது. அவன் போன பிறகு அண்ணன் தனியாக நின்று மன்னிப்புக் கேட்கிறார். வெளியே வந்த டூக்கோ, அண்ணனுக்குத் தன்மேல் ரொம்பப் பாசம், சூப் கொடுத்து உபசரித்தார் என்று கூட்டாளியிடம் பொய் சொல்கிறான். எல்லாவற்றையும் மறைந்து நின்று கேட்ட ஈஸ்ட்வுட், ஒன்றும் தெரியாதவர்போல் தன் சுருட்டை நீட்டுகிறார். (சரி, அந்த இடத்தில் மட்டும் அவர் நடித்தார்.)

நான் டிவியை நிறுத்திவிட்டேன்.

உறவுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது என் தம்பி எட்டாம் வகுப்போடு நின்று மாடு கட்டினான். அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் மலம் அள்ளியவன் அவன். நான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து அறிவுரை சொல்லிவிட்டு பஸ் ஏறியவன். அப்பா காரியத்தன்று, "கடன் வாங்கிக் குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள். அந்தக் கடன் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது. எதற்கு வாங்கினாய் என்று நான் கேட்கவே இல்லை. அவனும் சொல்லவில்லை. அம்மா சொல்லித் தெரிந்தது, இரண்டு வருடம் கழித்து. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. வாத்தியார் அல்லவா.

நேற்று அவனுக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வா, ஒரு படம் பார்ப்போம் என்றேன். "என்ன படம்ணே?" என்றான். குதிரைப் படம் என்றேன். "சண்டை இருக்குமா?" என்றான். இருக்கும் என்றேன்.

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்ல வேண்டும். மடத்துக் காட்சி வரும்போது பாதிரியார் பேசுவதை மட்டும் என் வாயால் எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை.